நம்பத்தக்கோர் பட்டியல்

விண்டோஸ் இயங்குதளத்தின் உள்ளறைகளில், நெட்ஏபிஐ32 என்ற நூலகக் கோப்பில், டிஎஸ்எனுமரேட்டொமைன்டிரஸ்ட்ஸ் என்றொரு செயற்கூறு உண்டு. ஒரே மூச்சில் சொல்லி முடிக்க இயலாத பெயர். ஆனால் அதன் வேலை எளியது. ஒரு வலையமைப்பின் வழங்கியிடம் சென்று, ‘நீ யாரையெல்லாம் நம்புகிறாய்?’ என்று கேட்கும். கிடைத்த விடையைப் பட்டியலாக்கிக் கொண்டுவந்து நிரலரின் கையில் கொடுக்கும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வெளியானபோது அதனுடன் பிறந்தது. கால் நூற்றாண்டு கடந்தும் புழக்கத்தில் இருக்கிறது.

கணிப்பொறித் துறைக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு நிறுவனத்தின் கணிப்பொறிகளும் அவற்றைப் பயன்படுத்துவோரும் ஒரே நிர்வாகத்தின் கீழ்த் திரண்டிருப்பதை ஆள்களம் என்கிறார்கள். யார் உள்ளே வரலாம், எந்தக் கதவு வரை வரலாம் என்பதை அந்த ஆள்களத்தின் கட்டுப்பாட்டு வழங்கி தீர்மானிக்கிறது. இரண்டு நிறுவனங்கள் இணையும்போதோ, ஒரே நிறுவனம் பல நாடுகளில் பரவும்போதோ, ஓர் ஆள்களத்தைச் சேர்ந்தவர் மற்றொன்றுக்குள் நுழைய வேண்டிய தேவை வருகிறது. அப்போது இரண்டு ஆள்களங்களும் உடன்படிக்கை செய்துகொள்கின்றன: அங்கே அடையாளம் உறுதிசெய்யப்பட்டவரை இங்கே மறுபடி விசாரிக்க மாட்டோம். இந்த உடன்படிக்கையின் பெயர்தான் நம்பிக்கை. துறைச்சொல்லே அதுதான், கவித்துவத்துக்காக நான் சூட்டியதன்று.

இதில் திசை முக்கியம். முதல் ஆள்களம் இரண்டாவதை நம்புகிறது என்றால், இரண்டாவதைச் சேர்ந்தவர்கள் முதலாவதுக்குள் வரலாம். நம்பிக்கை ஒரு பக்கம் செல்ல, ஆட்களின் நடமாட்டம் எதிர்ப்பக்கம் வருகிறது. பயிற்சி வகுப்புகளில் அம்புக்குறி போட்டு விளக்கும்போது மாணவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் இது. நம்பும் ஆள்களம், நம்பப்படும் ஆள்களம் என்று பிரித்துச் சொன்னால் குழப்பம் தீரும். செயப்பாட்டு வினையை வெறுக்கும் நம் உரைநடை ஆசான்கள் இந்த ஓரிடத்திலாவது அதை மன்னிக்கக்கூடும்.

செயற்கூறு கொண்டுவரும் பட்டியலில் ஒவ்வோர் ஆள்களத்துக்கும் பழைய முறைப்படி ஒரு பெயர், புதிய முறைப்படி ஒரு பெயர், உறவின் வகை, அதன் தன்மை, பிறழாத ஓர் அடையாள எண் ஆகியவை இருக்கும். அந்த ஆள்களத்தின் பெற்றோர் இதே பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்ற குறிப்பும் உண்டு. பார்ப்பதற்குத் தட்டையான வரிசை. குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு வமிசாவளி எழுந்து நிற்கும். பட்டியலைக் கேட்பவர் பெரிய அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆள்களத்தின் சாதாரணப் பயனர் ஒருவர் கேட்டாலும் விடை கிடைக்கும்.

நம்பத்தக்கோரை எழுதிவைக்கும் வழக்கம் மைக்ரோசாஃப்டில் தொடங்கவில்லை. 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று அர்ப்பாநெட்டில் முதல் செய்தி சென்றபோது இணைந்திருந்தவை இரண்டே கணிப்பொறிகள். எண்ணிக்கை பெருகப் பெருக, எந்தக் கணிப்பொறிக்கு என்ன பெயர், என்ன முகவரி என்று எங்காவது எழுதிவைக்க வேண்டியதாயிற்று. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் வலையமைப்புத் தகவல் மையம் அந்தப் பணியை ஏற்றது. 1972 முதல் 1989 வரை அம்மையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் எலிசபெத் ஃபைன்லர். புதிய கணிப்பொறி ஒன்றை இணைத்தவர்கள் அலுவலக நேரத்தில் அவருடைய மையத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்வார்கள்; அது ஒரே ஒரு கோப்பில் ஏறும்; மற்றவர்கள் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். ஒரு வலையமைப்பு முழுவதும் ஓர் அலுவலகத்தின் குறிப்பேட்டில் அடங்கிய காலம்.

அது முகவரிப் பட்டியல்தான்; நம்பிக்கைப் பட்டியல் அன்று. ஆனால் அந்நாளில் இரண்டுக்கும் வேறுபாடு அதிகமில்லை. பட்டியலில் இருப்பவர் ஒரு பல்கலைக்கழகமாகவோ, ஆய்வகமாகவோ, ராணுவ ஒப்பந்தக்காரராகவோ இருப்பார். அதுவே போதிய சிபாரிசு. இந்த நிம்மதியில் முதலில் கல்லெறிந்தவர்களுள் ஒருவர் ஈதர்நெட்டை உருவாக்கிய பாப் மெட்காஃப். 1973 டிசம்பரில் அவர் சக ஆய்வாளர்களுக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினார். கணிப்பொறி அறையின் கதவைப் பூட்டிப் பழகியவர்கள் வலையமைப்பின் வழியாக வருபவர்களைப் பற்றி எண்ணிப் பார்க்கவில்லை என்றார். லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் இருவர் ஒரு கணிப்பொறியின் தலைமைக் கடவுச்சொல்லையே கைப்பற்றிவிட்ட செய்தியும் அதில் இருந்தது. அந்தக் குறிப்பு இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதில் திருத்த வேண்டிய சொற்கள் குறைவு.

நம்பிக்கையை வெளிப்படையாக எழுதிவைத்த முதல் புகழ்பெற்ற கோப்பு பெர்க்லியிலிருந்து வந்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1983இல் வெளியிட்ட 4.2பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்பில் ஆர்லாகின், ஆர்எஸ்எச் என்ற கட்டளைகள் இருந்தன. ஒரு கணிப்பொறியில் அமர்ந்தபடியே இன்னொன்றுக்குள் நுழைவதற்கானவை. ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டால் தொல்லை அல்லவா? ஆகவே ‘ஹோஸ்ட்ஸ் ஈக்விவ்’ என்ற கோப்பு ஏற்பட்டது. அதில் வரிக்கு ஒன்றாகக் கணிப்பொறிகளின் பெயர்களை எழுதிவைத்தால், அந்தக் கணிப்பொறிகளிலிருந்து வருபவர் அதே பயனர்பெயரில் கேள்வியின்றி உள்ளே வரலாம். பயனர் ஒவ்வொருவரும் தம் வீட்டளவில் ‘ஆர்ஹோஸ்ட்ஸ்’ என்ற குட்டிப் பட்டியல் ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். ஒரு வரியில் கூட்டல் குறியை மட்டும் இட்டால், எல்லாரையும் நம்புவதாகப் பொருள். சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் இயங்குதளம் ஒரு காலத்தில் அந்தக் கூட்டல் குறியோடுதான் விற்பனைக்கு வந்தது. பூட்டைத் திறந்துவைத்தே வீட்டை ஒப்படைப்பது போல.

இந்த ஏற்பாட்டின் ஓட்டையை வெகு சீக்கிரம் கண்டவர் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர். பெயர் ராபர்ட் டாப்பன் மாரிஸ். 1985 பிப்ரவரியில் பெல் ஆய்வகத்தில் அவர் எழுதிய சிறிய தொழில்நுட்ப அறிக்கை, நம்பப்படும் கணிப்பொறியாக மற்றொன்று வேடமிட முடியும் என்று காட்டியது. இரண்டு கணிப்பொறிகள் உரையாடத் தொடங்கும்போது ஒரு வரிசை எண்ணைப் பரிமாறிக்கொள்ளும். அந்த எண் ஒழுங்கான தாவல்களில் ஏறுவதால், பதிலைப் பார்க்காமலே அடுத்த எண்ணை ஊகித்துவிடலாம். ஊகித்தவர், பட்டியலில் இருக்கும் பெயரைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகலாம்.

அறிக்கையைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1988ஆம் ஆண்டு நவம்பர் 2 மாலை, அதே மாரிஸ் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, எம்ஐடியின் கணிப்பொறி ஒன்றிலிருந்து ஒரு நிரலை அவிழ்த்துவிட்டார். இணையப் புழு என்று வரலாற்றில் இடம்பெற்றது அதுவே. மின்னஞ்சல் நிரலின் ஒரு பலவீனம், ஃபிங்கர் சேவையின் ஒரு பலவீனம், 432 சொற்கள் கொண்ட கடவுச்சொல் ஊகப் பட்டியல் என்று பல ஆயுதங்கள் அதற்கு இருந்தன. இங்கு நமக்கு வேண்டியது அதன் மற்றொரு பழக்கம். ஒரு கணிப்பொறிக்குள் நுழைந்ததும் அது ஹோஸ்ட்ஸ் ஈக்விவ், ஆர்ஹோஸ்ட்ஸ் கோப்புகளைப் படித்துப் பார்த்தது. ‘நான் இவர்களை நம்புகிறேன்’ என்று எழுதியிருந்தால், ‘இவர்களும் பெரும்பாலும் என்னை நம்புவார்கள்’ என்று அதற்குப் பொருள் கொண்டது. நட்பு இருபுறமும் இருக்கும் என்ற மனித இயல்பைப் பற்றிய கணிப்பு அது; பெரும்பாலும் பலித்தது. காவலுக்காக எழுதிவைத்த பட்டியலே அடுத்து எங்கே போகலாம் என்பதற்கான வழிகாட்டியும் ஆயிற்று.

சுமார் ஆறாயிரம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. அறுபதாயிரத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற தோராயம்தான் அது. எவரும் உட்கார்ந்து எண்ணவில்லை. மாரிஸின் தந்தையார் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் கணிப்பொறிப் பாதுகாப்புத் துறையின் தலைமை விஞ்ஞானி என்பதை நாவலில் எழுதினால் எந்தப் பதிப்பாசிரியரும் வெட்டியிருப்பார். 1986ஆம் ஆண்டின் கணிப்பொறி மோசடிச் சட்டத்தின் கீழ் மாரிஸ் குற்றவாளி என 1990இல் தீர்ப்பாயிற்று: மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணிநேரச் சமூகப்பணி, 10,050 டாலர் அபராதம். பிற்பாடு அவர் எம்ஐடியிலேயே பேராசிரியரானார்.

அவருடைய 1985ஆம் ஆண்டு அறிக்கை ஒரு கிறிஸ்துமஸ் நாளில் உயிர்பெற்றது. 1994 டிசம்பர் 25 அன்று, சுடோமு ஷிமோமுரா என்ற ஆய்வாளரின் சான்டியாகோ கணிப்பொறிகள் தாக்கப்பட்டன. தாக்கியவர் முதலில், நம்பப்பட்ட கணிப்பொறியைப் போலி அழைப்புகளால் திணறடித்து வாயடைத்தார். மற்றொரு கணிப்பொறியின் வரிசை எண் ஒவ்வோர் இணைப்புக்கும் 128,000 ஏறுவதைச் சோதித்தறிந்தார். பின்னர் வாயடைக்கப்பட்டதன் பெயரில் பேசி, ஒரே ஒரு கட்டளையை அனுப்பினார். ஆர்ஹோஸ்ட்ஸ் கோப்பின் இறுதியில் இரண்டு கூட்டல் குறிகளைச் சேர்க்கும் கட்டளை. எல்லாக் கணிப்பொறிகளையும் எல்லாப் பயனர்களையும் நம்பு என்று பொருள். இந்தத் தாக்குதலைத் தொடர்ந்த வேட்டையில் 1995 பிப்ரவரியில் ராலே நகரில் கெவின் மிட்னிக் கைதானார். அந்தக் குறிப்பிட்ட தாக்குதலில் யார் கை எவ்வளவு என்ற சர்ச்சை பின்னரும் ஓயவில்லை. ஒரு கோப்பில் இரண்டு எழுத்துகளைக் கூட்டியதே கதவு திறக்கப் போதுமானதாக இருந்தது என்பது மட்டும் சர்ச்சைக்கு அப்பாற்பட்டது.

இதற்குள் வேறோர் இடத்தில் வேறொரு மரபு வளர்ந்திருந்தது. எம்ஐடி 1983இல் தொடங்கிய ஏத்தீனா திட்டத்தில், கணிப்பொறியின் பெயரை நம்பாமல், நடுநிலையான ஒருவர் வழங்கும் முத்திரையிட்ட சீட்டை நம்பும் கெர்பெரோஸ் முறை உருவாயிற்று. கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் பல தலை நாயின் பெயர். இதில் ஓர் ஆட்சிப்பகுதி தரும் சீட்டை மற்றொன்று ஏற்கலாம். அதற்கு இரண்டுக்கும் பொதுவான ஒரு ரகசியம் வேண்டும். பட்டியல் ஒழியவில்லை, அதன் பின்னால் ஒரு சாவி வந்து சேர்ந்தது.

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் என்டி 1993 ஜூலையில் வெளியாயிற்று. அதன் ஆள்களங்களுக்கிடையே நம்பிக்கை ஒருவழிப் பாதை, கைமாற்ற முடியாதது. முதலாவது இரண்டாவதை நம்பி, இரண்டாவது மூன்றாவதை நம்பினாலும், முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை. எல்லாரும் எல்லாரையும் நம்ப வேண்டுமானால் ஒவ்வோர் இணைக்கும் இரண்டு உடன்படிக்கைகள். பத்து ஆள்களங்களுக்கு 90, இருபதுக்கு 380. தொண்ணூறுகளின் பெரிய நிறுவனங்களில் இந்த உடன்படிக்கைகளைப் பேணுவதே சிலருக்கு முழுநேர உத்தியோகமாக இருந்தது. எரிச்சலூட்டும் ஏற்பாடுதான். ஆயினும் அதில் ஒரு நேர்மை இருந்ததென்றே நினைக்கிறேன். ஒவ்வொரு நம்பிக்கைக்கும் பின்னால் அதைக் கையால் ஏற்படுத்திய ஒருவர் இருந்தார். ஏன் என்று கேட்டால் சொல்லக்கூடியவர்.

விண்டோஸ் 2000 அதைக் களைந்தது. ஆள்களங்கள் மரங்களாகவும், மரங்கள் காடாகவும் அமைந்தன, இவையும் துறைச்சொற்களே. காட்டுக்குள் நம்பிக்கை இருவழியானது, தானே பரவுவது. நண்பனின் நண்பன் நண்பன். புதிய ஆள்களம் ஒன்று சேர்ந்த கணமே காடு முழுவதற்கும் உறவாகிவிடும். நம் கதையின் செயற்கூறு இந்தப் புள்ளியில்தான் அவசியமாகிறது. கையால் எழுதிய 90 உடன்படிக்கைகளை நிர்வாகி நினைவில் வைத்திருப்பார். தானே விளைந்தவற்றை யார் நினைவில் வைத்திருப்பது? இயந்திரத்திடம்தான் கேட்க வேண்டும்.

கெர்பெரோஸையும் மைக்ரோசாஃப்ட் இப்போதுதான் தழுவிக்கொண்டது. ஆனால் அதன் சீட்டில், பயனர் எந்தெந்தக் குழுக்களைச் சேர்ந்தவர் என்ற தன் சொந்தக் குறிப்பைச் சேர்த்தது. திறந்த முறையொன்றில் மூடிய பகுதி. எதிர்ப்பு கிளம்பவே, 2000இல் அதன் விவரத்தை, ரகசியம் காப்பதாக ஒப்புக்கொண்டால்தான் படிக்கலாம் என்ற நிபந்தனையுடன் வெளியிட்டது. ஸ்லாஷ்டாட் தளத்தின் வாசகர்கள் அதை அப்படியே பொதுவில் ஒட்டிவைத்தார்கள். எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் போயிற்று, தளம் மறுத்தது.

விண்டோஸ் வழங்கிகளோடு பேசக்கூடிய கட்டற்ற மென்பொருளான சாம்பாவை ஆண்ட்ரூ டிரிட்ஜெல் முதலானோர் எழுதிவந்தார்கள். நம்பிக்கை உறவுகள் கம்பியின் ஊடே எந்த வடிவில் பயணிக்கின்றன என்பதை, அந்நிய மொழி பேசும் ஊரில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவரைப் போல, ஒட்டுக்கேட்டே அவர்கள் கற்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஆணையம் 2004இல் மைக்ரோசாஃப்டுக்கு 497 மில்லியன் யூரோ அபராதம் விதித்து, இவ்விவரங்களை வெளியிடவும் ஆணையிட்டது. மேல்முறையீடு 2007 செப்டம்பரில் தோற்றது. அந்த டிசம்பரில், சாம்பா தரப்பு ஒருமுறைக் கட்டணமாக 10,000 யூரோ செலுத்தி ஆவணங்களைப் பெற்றது. ஆள்களக் கட்டுப்பாட்டு வழங்கியாகவே இயங்கவல்ல சாம்பா 4.0 வெளியானது 2012 டிசம்பரில். யாரை நம்புவது என்று எழுதும் மொழி ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருக்கலாமா என்ற கேள்விக்கு இத்தனை ஆண்டும் இத்தனை வழக்கறிஞர்களும் வேண்டியிருந்தது.

அந்தச் சீட்டுக் குறிப்புக்கு வருவோம். 2002 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்பு அறிவிப்பொன்று வெட்கத்துக்குரிய உண்மையை ஒப்புக்கொண்டது. நம்பும் ஆள்களம், சீட்டில் எழுதியிருக்கும் அடையாள எண்களை அனுப்பியவருக்குச் சொந்தமானவைதானா என்று சரிபார்க்கவில்லை. நம்பப்பட்ட ஆள்களத்தின் நிர்வாகி தீயவராகிவிட்டால், நம்பும் ஆள்களத்தின் உயர் அதிகாரியுடைய எண்ணையே தன் சீட்டில் எழுதிக்கொண்டு வரலாம். ஊர்க்காரர் என்பதற்குச் சான்று கேட்டால், ஊர்த்தலைவர் நானே என்று எழுதிவருவது போல. வடிகட்டும் ஏற்பாடு பின்னர் வந்தது. ஆனால் ஒரே காட்டின் ஆள்களங்களுக்கு இடையே பாதுகாப்பு எல்லை என எதுவும் உண்மையில் இல்லை, காடுதான் எல்லை என்று மைக்ரோசாஃப்ட் தன் பழைய விளக்கத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அதை நம்பிக் காடு வளர்த்தவர்கள் வளர்த்துவிட்டார்கள்.

1988இன் புழுவுக்குப் பட்டியல் எப்படி உதவியதோ, அப்படியே இந்தச் செயற்கூறும் உதவத் தொடங்கியது. டிரிக்பாட் என்ற தீநிரல், நுழைந்த இடத்தில் ‘என்எல்டெஸ்ட்’ என்ற விண்டோஸின் சொந்தக் கருவியை இயக்கி, ஆள்கள நம்பிக்கைகளைக் கேட்டறிந்தது. தாக்குவோரின் உத்திகளைத் தொகுக்கும் மைட்டர் நிறுவனம் இதற்குத் தனிப் பதிவே வைத்திருக்கிறது. அதில் நம் செயற்கூறு பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. 2016இல் வெளியான பிளட்ஹவுண்ட் என்ற கருவி இன்னும் ஒரு படி மேலே போய், இத்தகைய உறவுகளையெல்லாம் வலைக்கோடுகளாக வரைந்து, சாதாரண ஊழியரின் கணக்கிலிருந்து தலைமை நிர்வாகி வரையிலான குறுக்குவழியைக் காட்டியது. காவல் பக்கத்தில் இருந்தவர்கள் பலர் தம் வலையமைப்பின் உருவத்தை முதன்முறையாகப் பார்த்தது அதில்தான்.

யாரையும் நம்பாதே, ஒவ்வொரு முறையும் விசாரி என்ற கொள்கைக்கு 2010இல் ஜான் கிண்டர்வாக் ‘பூஜ்ய நம்பிக்கை’ என்று பெயர் சூட்டினார். அமெரிக்கத் தர நிறுவனம் 2020 ஆகஸ்டில் அதற்கு இலக்கணம் வகுத்தது. விசாரிப்பதையும் ஒருவர் செய்ய வேண்டும், அவரை நம்பித்தான் ஆக வேண்டும் என்பது அதன் ஆதரவாளர்கள் மெல்லிய குரலில் சொல்லும் பகுதி.

பட்டியல் முழுவதுமாக அழிந்துபோனால் என்ன ஆகும் என்பதை 2017ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் கண்டது. உக்ரைனில் வரிக்கணக்குக்காகப் பயன்படுத்தப்பட்ட மென்பொருளொன்றின் வழக்கமான புதுப்பிப்பில் ஒளிந்துவந்த நாட்பெட்யா, உலகெங்கும் அதன் கணிப்பொறிகளைத் துடைத்தழித்தது. ஏறத்தாழ 150 ஆள்களக் கட்டுப்பாட்டு வழங்கிகள் ஒன்றின் பிரதியாக மற்றொன்று அமைந்திருந்தன. ஒன்று போனால் மற்றவை காக்கும் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒரே சமயத்தில் போகும் என்று எவரும் நினைக்கவில்லை. யார் ஊழியர், எது எதை நம்புகிறது என்ற நினைவு எங்கும் மிஞ்சவில்லை என்றே தோன்றியது. பிறகு கானாவில் ஒன்று தப்பியிருப்பது தெரிந்தது. தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே மின்சாரம் போய்விட்டிருந்தது.

கானாவின் இணைய இணைப்பு மெலிந்தது. தரவை அனுப்பப் பல நாட்கள் பிடிக்கும். கையில் கொண்டுவரலாமென்றால், அங்கிருந்த ஊழியர்கள் எவரிடமும் பிரிட்டன் விசா இல்லை. கடைசியில் ஒருவர் நைஜீரியா வரை பறந்து, விமான நிலையத்தில் மற்றொருவரிடம் அந்த வன்தட்டை ஒப்படைத்தார். அவர் அதை எடுத்துக்கொண்டு லண்டனுக்கு விமானம் ஏறினார்.